நூறு கிராம் சோறு அல்ல, நூறு கிராம் அரிசி

சத்துணவு வரிசையில் கடைசியில் நின்று பழகியவர்கள் நம்மில் பலர். தட்டில் ஒரு கரண்டி சோறு விழும். இன்னொரு கரண்டி கேட்க வாய் வராது. "சோத்துக்குத்தானே பள்ளிக்கூடம் வர்றே" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். காலனிப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

இன்று நம் பிள்ளைகள் அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம்.

இதைச் சமையலறைக் கணக்கில் சொன்னால், சின்ன வகுப்புப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். பெரிய வகுப்புக்கு ஒவ்வொன்றிலும் ஒன்றரை மடங்கு.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். நூறு கிராம் என்பது அரிசியின் எடை, சோற்றின் எடை அல்ல. வெந்தால் அது இரண்டரை, மூன்று மடங்காகும். அதாவது கால் கிலோவுக்குக் குறையாத சோறு. சந்தேகம் இருந்தால் மளிகைக் கடைத் தராசில் நூறு கிராம் அரிசி நிறுத்து வாங்கி, தனியாக வடித்து, பிள்ளையின் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஒரு கரண்டியில் அது அடங்காது.

சோறு நிறைய இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். நூறு கிராம் அரிசியில் புரதம் ஏழு கிராம் அளவுதான். மீதியைத் தர வேண்டியது பருப்பு. சாம்பார் தண்ணீராக ஓடினால் வயிறு நிறையும், எலும்பும் தசையும் வளராது. தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் முட்டை கொடுப்பது பெரிய பலம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, ஆனால் பழத்தில் அந்தப் புரதம் இல்லை. அந்தக் குறையை வீட்டில் சுண்டலோ பயறோ கொடுத்து ஈடுகட்டலாம்.

நடுநிலைப் பள்ளிகளில் இன்னொரு சிக்கல். ஒரே அண்டா, ஒரே கரண்டி. முதல் வகுப்புப் பையனுக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் ஒரே அளவு விழுகிறது. சின்னவன் மிச்சம் வைக்கிறான், பெரியவள் அரை வயிற்றோடு எழுகிறாள். வளரும் வயதுப் பெண்ணுக்கு வீட்டிலும் கடைசிப் பந்திதான் என்றால் அவள் எங்கே போய்ச் சாப்பிடுவாள்?

சமைப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நம் பெண்கள். சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்ததும் நம் மாநிலத்தில்தான். யார் சமைப்பது என்பதில் இத்தனை பேருக்கு அக்கறை. எவ்வளவு பரிமாறுவது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. நம் தெருத் தாய்மார்கள் கையெழுத்து போட்டுவிட்டுத் திரும்பாமல், ஒரு நாள் மதியம் பரிமாறும் நேரத்தில் போய் நிற்கலாம். பெரிய வகுப்புக்குத் தனிக் கரண்டி இருக்கிறதா, இரண்டாம் முறை போடுகிறார்களா, கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் முட்டை வருகிறதா என்று பார்க்கலாம். மாலையில் பிள்ளையிடமும் கேளுங்கள். "சாப்பிட்டியா?" என்றால் தலையாட்டிவிடும். "எத்தனை கரண்டி போட்டாங்க?" என்று கேளுங்கள்.