வாய்மொழி உத்தரவும் அமைச்சரின் பொறுப்பும்

தமிழகத்தை விட்டுத் தலைநகருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. ஸ்டெனோவாக, குமாஸ்தாவாக, கணக்கராக வந்தவர்களின் பிள்ளைகள் நாம். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு வீட்டுப் பெரியவர் சொல்லும் முதல் புத்திமதி என்ன? “எதுவானாலும் எழுத்துல வாங்கிக்கோப்பா. நாளைக்கு நான் சொல்லவே இல்லேன்னுடுவான்.” இது ஏதோ பயந்தாங்கொள்ளித்தனம் என்று சின்ன வயதில் தோன்றும். ஆனால் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் சுதந்திர இந்தியாவின் மிக முக்கியமான நாடாளுமன்ற விவாதங்களில் ஒன்று நடந்தது. அதில் நடுநாயகமாக நின்றவர் நம் சென்னைக்காரர், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

விஷயம் இதுதான். 1956 செப்டம்பரில் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. முந்த்ரா அப்போது கடன் நெருக்கடியில் இருந்தார். எங்கே முதலீடு செய்யலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே இருந்த முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே பேரம் முடிந்துவிட்டது. போனது யார் பணம்? மாதாமாதம் வயிற்றைக் கட்டிப் பிரிமியம் செலுத்திய சாதாரணக் குடும்பங்களின் பணம்.

1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் இதை எழுப்பியவர் ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. நாடாளுமன்றமே சட்டம் போட்டு உண்டாக்கிய இவ்வளவு பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றமே கண்காணிக்காவிட்டால் வேறு யார் கண்காணிப்பது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். தேதி, தொகை, பங்கு விலை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு 1958 ஜனவரியில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. விசாரணையை அவர் பகிரங்கமாகவே நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டவேண்டியதாயிற்று. பிப்ரவரி 10-ஆம் தேதிக்குள் அறிக்கையும் வந்துவிட்டது. இன்றைய விசாரணைக் கமிஷன்களோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத வேகம்!

விசாரணையில் எழுந்த முக்கியமான கேள்வி, இந்தப் பேரத்துக்கு உத்தரவு கொடுத்தது யார் என்பது. நிதித் துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேல், பழைய ஐ.சி.எஸ். அதிகாரி, அமைச்சருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் நடந்தது என்றார். அமைச்சரோ, தாம் அப்படி அனுமதி கொடுக்கவில்லை என்றார். இரண்டில் எது உண்மை என்று சட்டென்று காட்ட, அமைச்சரின் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர் பயந்தது அப்படியே நடந்தது!

இங்கேதான் சாக்ளா ஒரு தத்துவத்தைத் தெளிவாக நிலைநாட்டினார். தம் கீழுள்ள அதிகாரி செய்ததற்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆகவேண்டும். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடாது. ‘அவர் செய்தது, எனக்குச் சம்பந்தமில்லை’ என்று கைகழுவவும் கூடாது. டி.டி.கே. ராஜினாமா செய்தார். அவருடைய பங்கு இதில் மிகச் சிறியது என்றே நேரு கருதினார். இருந்தும் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்.

“செய்யாத தப்புக்கு அமைச்சர் எதுக்குப் போகணும்?” என்று கேட்கலாம். காரணம் நம் ஆட்சிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதிகாரி மக்களவையில் எழுந்து நின்று பேச முடியாது. தம் தரப்பைச் சொல்ல அவருக்கு அங்கே இடமே கிடையாது. அவருக்காகப் பேசவும், அவர் செயலுக்குப் பதில் சொல்லவும் அங்கே இருப்பவர் அமைச்சர் ஒருவர்தான். அவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று விலகிவிட்டால், மக்கள் யாரைத்தான் கேட்பது? அரசியல் சட்டத்தின் 75-வது பிரிவு, அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. தனி அமைச்சர் ராஜினாமா செய்யவேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை. அது மரபால் வருவது.

அந்த மரபுக்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் ரயிலையும் ஓட்டவில்லை, பாலத்தையும் கட்டவில்லை. தார்மிகப் பொறுப்பேற்றுத் தாமாகவே விலகினார். டி.டி.கே. விஷயத்தில் விவாதமும் விசாரணையும் தேவைப்பட்டன. முன்னது தார்மிகப் பொறுப்பு. பின்னது நாடாளுமன்றம் கேட்டு வாங்கிய பொறுப்பு. ஜனநாயகத்துக்கு இரண்டுமே வேண்டும்.

நாணயத்துக்கு மறுபக்கம் ஒன்றிருக்கிறதே! அமைச்சர் பழியை ஏற்பதென்றால், அதிகாரி அவருக்கு ஒளிவுமறைவில்லாமல் யோசனை சொல்லியாகவேண்டும். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் ஐ.சி.எஸ். அதிகாரிகளின் உரிமைகளுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது பற்றி விவாதம் வந்தது. நம் அனந்தசயனம் அய்யங்கார் போன்றோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். சர்தார் பட்டேல் விட்டுக்கொடுக்கவில்லை. என் செயலாளர் என் கருத்துக்கு நேர்மாறாகக் குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தை அவருக்கு நான் கொடுத்திருக்கிறேன் என்ற பொருளில் பேசினார். விசாரித்து, தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே அதிகாரியை நீக்கலாம் என்னும் 311-வது பிரிவின் நோக்கமும் இதுவே. சோம்பேறிக்குக் குடை பிடிக்க ஏற்பட்டதல்ல அது. நிமிர்ந்து நிற்பவனைக் காப்பாற்ற ஏற்பட்டது. நடைமுறையில் பல சமயம் தலைகீழாக நடக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

சீர்திருத்த முயற்சிகளுக்கும் குறைவில்லை. தமிழரான கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. 1966-இலும் 2005-இலும் நிர்வாகச் சீர்திருத்த ஆணையங்கள் அமைந்தன. ஆனால் முந்த்ரா விவகாரத்தின் அசல் நோவுக்கு மருந்து வர வெகு காலம் பிடித்தது. முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் ஓய்வுபெற்ற மற்ற அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதிகாரிகள் வெறும் வாய்மொழி உத்தரவை நம்பிச் செயல்படக் கூடாது. அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நினைத்தபோதெல்லாம் தூக்கியடிக்காமல், பதவியில் குறைந்தபட்சக் காலமாவது இருக்க வழிசெய்ய வேண்டும். 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு, கோப்பில் எழுதிய குறிப்பைச் சாதாரணக் குடிமகனும் கேட்டு வாங்க வழி பிறந்திருக்கிறது.

கதையின் கடைசிப் பகுதியும் சுவையானது. டி.டி.கே. 1962-இல் மீண்டும் அமைச்சரானார். மறு வருடமே நிதித் துறையும் அவரிடம் திரும்பி வந்தது. எச்.எம். பட்டேல் அரசியலுக்கு வந்து, 1977-இல் ஜனதா ஆட்சியில் அதே நிதித் துறைக்கு அமைச்சரானார். ஆக, பொறுப்பேற்று விலகுவதால் யாருடைய வாழ்வும் முடிந்துவிடுவதில்லை. பொறுப்பேற்க ஆளே இல்லாமல் போனால்தான் ஆபத்து.

நம் பிள்ளைகளில் சிலர் இன்றும் யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்கள் மேஜைக்கும் ஒரு வாய்மொழி உத்தரவு வந்து சேரும். அப்போது பேனாவை எடுத்து, ‘இன்ன தேதியில், இன்னார் சொன்னபடி’ என்று கோப்பில் ஒரு வரி எழுதும் தைரியம் அவர்களுக்கு வேண்டும். அந்த ஒரு வரி அவர்களையும் காப்பாற்றும். எங்கோ ஒரு மூலையில் பிரிமியம் கட்டிக்கொண்டிருப்பவரின் பணத்தையும் காப்பாற்றும்.