ஹெர்குலிஸ் மகளுக்கு முத்து... குளித்தவர்களுக்கு என்ன? கிரேக்கமும் ரோமும் சொன்ன கொற்கை கதை!

ஹெர்குலிஸ் என்றதும் நம்மில் பலருக்கு சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், கிரேக்கப் புராணத்தின் அந்த மாவீரனுக்கும் நம் பாண்டிய நாட்டு முத்துக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது, தெரியுமா?

பாண்டியா என்றொரு மகள்

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்தவர் மெகஸ்தனிஸ். அவர் எழுதிய 'இண்டிகா' நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால், அதிலிருந்த ஒரு கதையை கி.பி. 2-ம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இந்தியாவில் ஹெர்குலிஸுக்கு மகன்கள் பலர், மகள் ஒருத்திதான். பெயர், பாண்டியா. கடலில் முத்தைக் கண்ட ஹெர்குலிஸ், செல்ல மகளுக்குச் சூட்டி அழகு பார்க்க முத்துகளைத் தேடித் தேடிச் சேர்த்தாராம். கூடவே ஆள்வதற்கு ஒரு நாடு, 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்படை வீரர்கள்!

பெயரில் பாண்டியா, கழுத்தில் முத்து, ஆட்சியில் பெண். மதுரையை ஆண்ட மீனாட்சி ஞாபகம் வருகிறதல்லவா? நம்மூர் தெய்வங்களை கிரேக்கர்கள் தங்கள் நாயகர்களின் பெயரால் அழைப்பது வழக்கம். மெகஸ்தனிஸ் சொன்ன ஹெர்குலிஸ், கிருஷ்ணராக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர்.

ரோமைப் பிடித்த முத்து மோகம்

புராணத்தை விடுங்கள், வரலாற்றுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, லோலியா பாலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்துகளையும் மரகதங்களையும் அணிந்து வந்ததாக எழுதுகிறார். செஸ்டர்ஸ் என்பது ரோமானிய நாணயம். கிளியோபாட்ரா பந்தயத்துக்காக ஒரு முத்தை வினிகரில் கரைத்துக் குடித்த கதையைச் சொன்னவரும் இவரே. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிவிடுகின்றன என்று புலம்பியும் இருக்கிறார்!

அந்த ஒரு வரி

அதே நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கடல் வணிகர் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற பயணக் குறிப்பு, பாண்டியரின் 'கொல்கி' என்ற ஊரைச் சொல்கிறது. அது நம் கொற்கைதான். 'அங்கே முத்துக்குளிக்கும் வேலையைச் செய்பவர்கள், தண்டனை பெற்ற கைதிகள்' என்கிறது அந்தக் குறிப்பு.

முத்து அணிந்த லோலியாவின் பெயர் இருக்கிறது. முத்தைக் குடித்த கிளியோபாட்ராவின் பெயர் இருக்கிறது. மூச்சடக்கி அதை எடுத்துவந்த ஒருவரின் பெயர்கூட அந்த ஏடுகளில் இல்லை.

இன்றைய கொற்கை

கொற்கை இப்போது ஏரல் அருகே ஒரு சிறு கிராமம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. 1968-69 அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021-லும் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் அந்தக் கடலில் இறங்குகிறார்கள்.

அடுத்தமுறை திருச்செந்தூர் போகும்போது, ஏரல் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். கொற்கையின் பழைமையான வன்னி மரத்தடியில் சற்று நேரம் நில்லுங்கள். ஹெர்குலிஸின் மகளோடு, பெயர் எழுதப்படாத அந்த மனிதர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!