பெரட்டுக்குக் கிளம்பும் அப்பா: மறதிநோய் வீட்டில் கைப்பேசி எதற்கு உதவும்?

விடியற்காலை நான்கு மணி. "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்க?" என்று கதவைத் திறக்கிறார் அப்பா. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்து இருபது வருடம் ஆகிறது. டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ள வீடுகளுக்கு இப்படிப்பட்ட காட்சி புதிதல்ல.

இது பிடிவாதமும் அல்ல, 'காத்து கருப்பு' சேட்டையும் அல்ல. இந்நோயில் பெரும்பாலும் அண்மைய நினைவுகள்தாம் முதலில் அழியும். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய பழக்கம் மிஞ்சி நிற்கும். நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது.

பராமரிப்பாளர்களுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' எனும் இலவச இணையப் பயிற்சியை வெளியிட்டது. அதன் ஐந்தாம் பகுதி முழுவதும் நடத்தை மாற்றங்களைப் பற்றியது: கோபம், தூக்கமின்மை, இல்லாததைப் பார்ப்பது, கேட்டதையே கேட்பது, வழி தவறிப் போவது. ஆங்கிலம் தெரிந்த பேரப்பிள்ளை படித்து, பாட்டிக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

"தோட்டம் மூடியாச்சுப்பா" என்று வாதாடினால் சண்டைதான் வரும். "சரிப்பா, கோப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றால் மனம் வேறு பக்கம் திரும்பலாம். பொய் சொல்வதாகச் சிலர் சங்கடப்படுகிறார்கள். கோப்பி கொடுப்பதில் பொய் ஏது?

நடந்ததைப் புலனத்தில் குரல் பதிவாகச் சேர்த்து வையுங்கள். எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எப்படி அடங்கினார் என்பவை போதும். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியலாம். பகலில் அதிகம் தூங்கிய நாள்களில்தான் இரவில் எழுகிறார் என்பது அப்படித்தான் பிடிபடும். மருத்துவரிடம் "ரொம்ப தொல்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு பயன்படும். காணொளி எடுத்தால் மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். குடும்பக் குழுவில் போடுவது அவருடைய மானத்தைக் கெடுக்கும்.

இருப்பிடத்தைப் பகிரும் வசதியும் உண்டு. ஆனால் புலனத்தில் நேரலை இருப்பிடம் எட்டு மணி நேரம்தான் ஓடும். கைப்பேசியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் அதுவும் வீண். சட்டைப் பையில் தொடர்பு எண் எழுதிய அட்டை, கதவில் ஒரு மணி ஆகியவை இன்னும் நம்பகமானவை. காணவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், 999க்கு அழையுங்கள்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் அதை நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள்.

பெரும்பாலும் மகளோ மருமகளோதான் இரவில் விழித்திருக்கிறார். அந்தக் குரல் பதிவுகளைக் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அனுப்பிவையுங்கள். கேட்டவர்கள் மாதத்தில் இரண்டு வார இறுதிகளாவது வந்து இரவுக் காவலை ஏற்கட்டும்.