புது மீன் தொட்டியும் ஆற்றுக் கட்டையும்

சென்ற ஆண்டு எங்கள் திருப்பதி வீட்டில் மகளுக்காக இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கினோம். சுவர்ணமுகி ஆற்று மணலில் கிடந்த அழகான மரக்கட்டை ஒன்றையும் கழுவி உள்ளே வைத்தேன். அன்று மாலையே ஆறு கப்பி மீன்களை விட்டோம். தண்ணீர் தேநீர் போலச் சிவந்தது. ஒரு வாரத்துக்குள் ஆறும் இறந்துவிட்டன. குழந்தை அழுத அழுகையில் கட்டையைத் தெருவில் வீசிவிட்டேன்.

சித்தூரில் இருக்கும் என் மாமா பல காலமாக மீன் வளர்ப்பவர். "கட்டையை ஏன்டா திட்டுறே? தண்ணியைச் சோதிச்சியா?" என்றார். அவர் கொண்டுவந்த சோதனைப் பெட்டியில் அம்மோனியா மிக அதிகமாகக் காட்டியது. குற்றவாளி என் அவசரம்தான்! நம் சங்கக் குடும்பங்களில் இன்னொரு குழந்தை அழக்கூடாது என்பதற்காக, அவரிடம் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. சமமான மேசையில் தெர்மோகோல் விரித்து, அதன்மேல் வையுங்கள். ஓர் அடி அகலமும் உயரமும் உள்ள இரண்டடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். நிரப்பி 24 மணி நேரம் கசிவு பாருங்கள். ஒட்டிய சிலிக்கோனில் புளித்த வாடை இருந்தால் அது இன்னும் காயவில்லை என்று பொருள். சோப்பு போட்டுக் கழுவவே கூடாது.

அடுத்து கட்டை. நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும் கட்டை உளுத்தது, வேண்டாம். பிசின், பெயின்ட், ஆணி, எண்ணெய் வாடை இருந்தாலும் வேண்டாம். பழவேற்காடு ஏரிக்கரைக் கட்டையில் உப்பு ஊறியிருக்கும். சேஷாசலக் காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். அது செம்மரம் வளரும் பாதுகாக்கப்பட்ட காடு, எடுப்பது குற்றம். நல்ல கட்டையை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றி இரண்டு வாரம் ஊற வையுங்கள். பழுப்பு நிறம் மரத்தின் துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கெடுதல் இல்லை. பிறகு தோன்றும் வெள்ளைப் படலமும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

கடைசியாகத் தண்ணீர். குழாய் நீரில் குளோரின் இருந்தால், அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. வடிகட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு இருப்பதில்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், வடிகட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டிய பிறகு, பாதித் தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள்.

தெருவில் வீசிய கட்டையைத் தேடி எடுத்து, கொதிக்க வைத்து, ஊறப் போட்டேன். மகள் காலண்டரில் நாள்களை அடித்துக்கொண்டே காத்திருந்தாள். இன்று அந்தக் கட்டையின் நிழலில்தான் கப்பிக் குஞ்சுகள் ஒளிந்து விளையாடுகின்றன.