கடவுச்சொற் பெட்டகமும் கட்டணக் கதவும்

வீதியைக் கடக்கும் இடத்தைக் கடவை என்கின்றோம். நாட்டின் எல்லையைக் கடக்க உதவும் ஏட்டைக் கடவுச்சீட்டு என்கின்றோம். கணினியின் வாயிலைக் கடக்க உதவும் மறைமொழி கடவுச்சொல் எனப் பெயர் பெற்றமை பொருத்தமே. 1961ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையொன்று அமைக்கப்பட்டது. அப்பொழுது ஒருவருடைய கோப்பினை மற்றொருவர் திறவாதிருத்தற்பொருட்டுக் கடவுச்சொல் அங்கே புகுத்தப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் பெர்னாண்டோ கோர்பற்றோ என்னும் அறிஞர். அரை நூற்றாண்டு கழிந்தபின், 2014இல், கடவுச்சொற்கள் பெருகிவிட்ட நிலை ஒரு தீக்கனவு போன்றதென அவரே சலித்துக்கொண்டார். தம்முடைய கடவுச்சொற்களைத் தாள்களில் எழுதி வைத்திருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். தந்தையே தன் பிள்ளையைக் கண்டு அஞ்சிய கதை இது.

அச்சம் நியாயமானதே. வங்கி, அஞ்சல், கல்லூரி, கடை, அரசாங்க அலுவலகம் என எங்கே சென்றாலும் இன்று ஒரு கடவுச்சொல் கேட்கப்படுகின்றது. நினைவாற்றல் இடந்தராமையின் மக்கள் ஒரே சொல்லையே எல்லா வாயில்களுக்கும் வைத்துவிடுகின்றனர். ஓரிடத்திற் களவுபோன சொல்லைக் கொண்டு கள்வர் ஏனைய வாயில்களையும் தட்டிப் பார்ப்பர். ஒரு திறப்பு எல்லாப் பூட்டுக்கும் பொருந்துமாயின் பூட்டுகள் பல இருந்தும் பயன் என்னை?

இவ்விடர்ப்பாட்டுக்குப் பரிகாரமாகத் தோன்றியதே கடவுச்சொல் நிருவாகி என்னும் மென்பொருள். அஃது ஒரு பெட்டகம் போன்றது. ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் நீண்ட, பொருளற்ற, எவராலும் ஊகிக்க இயலாத சொல்லொன்றை அதுவே ஆக்கி, உள்ளே வைத்து, வேண்டும்பொழுது உரிய இடத்தில் இடும். பயனாளர் நினைவில் வைக்கவேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் ஒன்றேயாம். பெட்டகம் பயனாளருடைய கருவியிலேயே மறைகுறியாக்கம் செய்யப்பட்ட பின்னரே நிறுவனத்தின் சேவையகத்தைச் சென்றடைகின்றது. ஆதலின் உள்ளே வைத்த கடவுச்சொற்களை நிறுவனத்தாரும் படித்தல் இயலாது. சேவையகத்திலிருந்து அப்பெட்டகத்தின் படி கைத்தொலைபேசிக்கும் வீட்டுக் கணினிக்கும் அலுவலகக் கணினிக்கும் இறங்கும். இதனை ஒத்திசைவு என்பர்.

ஒத்திசைவை அலங்காரமான துணைவசதி என எண்ணுதல் தவறு. இருபது எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளும் கலந்த சொல்லொன்றைக் கணினியில் ஆக்கிவைத்த ஒருவர், மறுநாள் பேருந்தில் இருந்தபடி கைத்தொலைபேசியில் அதே கணக்கைத் திறக்கவேண்டுமாயின், அச்சொல் அங்கேயும் இருத்தல் வேண்டும். அவர் அதனை ஒருபோதும் கற்றவர் அல்லர். கண்ணாற் பார்த்திருத்தலும் ஐயமே. இரு கருவிகளுக்கும் இடையிலுள்ள பாலம் அறுந்தால் அவருடைய பெட்டகம் பாதி நாள் பூட்டியே கிடக்கும். இந்தப் பாலத்தின்மீதே 2021ஆம் ஆண்டிற் கட்டணக் கதவொன்று அமைக்கப்பட்டது.

லாஸ்ற்பாஸ் என்னும் நிருவாகி 2008இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே தோன்றியது. கைத்தொலைபேசியிலும் அதனை வேண்டுவோர் தொடக்க காலத்தில் ஆண்டொன்றுக்கு 12 டொலர் சந்தா செலுத்தினர். 2015 ஒக்ரோபரில் லொக்மீஇன் என்னும் பெருநிறுவனம் அதனை 110 மில்லியன் டொலருக்கு வாங்க முன்வந்தது. செய்தி வெளியானபோதே பயனாளர் பலர் கலங்கினர். அதற்குக் காரணம் உண்டு. லொக்மீஇன், தொலைவிலுள்ள கணினியை இயக்குதற்குத் தான் நெடுங்காலம் இலவசமாக வழங்கிவந்த சேவையை 2014 சனவரியில் நிறுத்தியிருந்தது. பயனாளருக்கு அது கொடுத்த அவகாசம் ஏழே நாட்கள்.

ஆயின் அடுத்த ஆண்டு நிகழ்ந்தது அவ்வச்சத்துக்கு நேர்மாறாயிற்று. 2016 நவம்பரில், எத்தனை கருவிகளாயினும், எவ்வகைக் கருவிகளாயினும், ஒத்திசைவு யாவர்க்கும் இலவசம் என லாஸ்ற்பாஸ் அறிவித்தது. மக்கள் திரண்டு வந்தனர். தாமே வந்ததோடமையாது பெற்றோரையும் மனைவி மக்களையும் நண்பரையும் அழைத்து வந்தனர். சந்தாவோ 2017இல் 24 டொலராகவும் 2019இல் 36 டொலராகவும் உயர்ந்தது. இலவசமாகப் பயன்படுத்தியோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2020 ஓகஸ்ற் மாதத்தில் லொக்மீஇன் நிறுவனமே 4.3 பில்லியன் டொலர் விலையில் முதலீட்டு நிறுவனங்கள் இரண்டின் கைக்கு மாறியது.

2021 பெப்ரவரி 16ஆந் தேதி புதிய விதி வெளியாயிற்று. மார்ச் 16 முதல், சந்தா செலுத்தாதோர் ஒருவகைக் கருவியில் மட்டுமே பெட்டகத்தைத் திறக்கலாம். மேசைக் கணினியும் மடிக்கணினியும் ஒருவகை. கைத்தொலைபேசியும் கைக்கடிகாரமும் வரைபட்டிகை எனப்படும் தட்டைக் கணினியும் மற்றொரு வகை. அந்நாளின் பின் முதன்முதல் எக்கருவியில் நுழைகின்றனரோ அக்கருவியின் வகையே அவர்க்கு உரியதாகும். மும்முறை மட்டும் மாற்றிக்கொள்ள இடமுண்டு. மே 17ஆந் தேதியிலிருந்து அவர்கள் மின்னஞ்சல் வழியாக உதவி கேட்கும் வசதியும் எடுக்கப்பட்டது. அதே பெப்ரவரியில், இந்நிறுவனத்தின் அந்திரொயிட் செயலிக்குள் பயனாளரின் செயல்களைப் பின்தொடரும் பிறர் நிரல்கள் ஏழு உள்ளன என்ற செய்தியும் பரவி, எரிகின்ற நெருப்பில் நெய் வார்த்தது.

எழுந்த சினத்தைக் கேட்டோர் சிலர் எளிதாக ஒரு விடை கூறினர். இலவசமாகப் பெற்றதற்கு முறையிடுவானேன்? தானம் கொடுத்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாமா? இவ்விடையை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. சேவையகங்களுக்கும், காவலுக்கும், வல்லுநருக்கும் நாள்தோறும் பணம் வேண்டும். பெருந்தொகையினர் எதுவும் செலுத்தாது என்றென்றும் பயன்பெறுவர் என எதிர்பார்த்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. மாதம் 3 டொலர் என்பது அந்நாட்டவர் பலருக்குச் சிறு தொகையே. ஆயினும் கடனட்டை இல்லாத மாணவனுக்கும், டொலரிற் பணம் அனுப்புதல் அரிதாகிய நாடுகளில் வாழ்வோருக்கும் அது சிறிதன்று.

எனினும் அது தானமாக இருந்ததா என்பதே வினா. இலவசப் பயனாளரால் அந்நிறுவனம் பெயர் பெற்றது. வீட்டில் இலவசமாகப் பழகியவரே அலுவலகத்திற் பணங்கொடுத்து வாங்குமாறு தூண்டுவோருமாவர். ஆகவே இருசாராரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றனர் என்றலே பொருந்தும். மேலும், பாடல் கேட்கும் செயலியோ படம் பார்க்கும் செயலியோ கட்டணம் கேட்டால் மறுநாளே கைவிடலாம். பெட்டகம் அத்தகையதன்று. ஒருவர் அதனை எவ்வளவு ஒழுங்காகக் கையாளுகின்றாரோ அவ்வளவு இறுக்கமாக அதனுடன் பிணைக்கப்படுகின்றார். ஒரே சொல்லை எங்கும் வைத்திருந்த சோம்பேறிக்கு இந்த விதியால் இழப்பு எதுவுமில்லை. அறிஞர் கூறிய நல்லுரையைக் கேட்டு, இருநூறு கணக்குகளுக்கு இருநூறு வெவ்வேறு சொற்களை ஆக்கிவைத்தவரே திகைத்து நின்றார். என் கருத்தில், சினத்தின் வேர் இங்கேதான் உள்ளது. 36 டொலரில் இல்லை.

கட்டணம் கேட்டதையன்றி, கேட்ட விதத்தையே குறைகூறுதல் தகும். புதிதாகச் சேர்வோர்க்கு மட்டும் விதியை வகுத்துப் பழையவரை முன்போலவே விட்டிருக்கலாம். அல்லது கூடுதல் வசதிகளுக்கு விலை வைத்துப் பாலத்தைத் திறந்தே விட்டிருக்கலாம். பிற்வார்டன் என்னும் நிருவாகி 2016இல் தோன்றியது. அதன் நிரலை எவரும் படித்து ஆராயலாம். அது எல்லாக் கருவிகளுக்கும் ஒத்திசைவை இலவசமாக வைத்து, மேலதிக வசதிகளுக்கு மட்டும் அக்காலத்தில் ஆண்டுக்கு 10 டொலர் பெற்றது. லாஸ்ற்பாஸை விட்டு நீங்கியோர் பலர் அங்கேயே சென்றனர். வேறு சிலர் கீபாஸ் என்னும் பழைய மென்பொருளை நாடினர். 2003ஆம் ஆண்டு முதல் வழங்கும் அதிற் பெட்டகம் பயனாளரின் சொந்தக் கோப்பாகவே இருக்கும். ஒத்திசைக்கும் தொல்லையும் அவருடையதே.

நீங்குதல் எளிதுதானா? பெட்டகத்திலுள்ளவற்றை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருந்தது. ஆனால் அக்கோப்பு மறைகுறி எதுவுமற்ற வெறும் எழுத்து. ஒருவருடைய வங்கி முதலாய எல்லாக் கணக்குகளின் திறப்புகளும் காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு, எவரும் படிக்கத்தக்க நிலையிற் கணினியின் பதிவிறக்க அடைவிற் கிடக்கும். புதிய பெட்டகத்தில் ஏற்றியபின் அதனை அழிக்க மறந்தோர் இல்லையென எவர் கூறவல்லார்? காப்பின் பொருட்டு ஆக்கப்பட்ட செல்வம் முழுவதும் குடிபெயரும் அந்த நாளில் நடுவீதியிற் கிடந்தது. இன்னும், வயது முதிர்ந்த தாய்க்கும் தந்தைக்கும் பழைய நிருவாகியைப் பயிற்ற ஆறு மாதம் பட்ட பாட்டை மீண்டும் படவேண்டியிருந்தவர்கள், புதிய நிருவாகியைப் பயிற்றாது குறிப்புப் புத்தகத்தை அவர்கள் கையிற் கொடுத்துவிட்டிருப்பின் அதனைப் பழிக்க எனக்கு மனமில்லை. பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் குறிப்புப் புத்தகம் அத்துணை இழிந்த காவலுமன்று.

சந்தா செலுத்தி அங்கேயே தங்கியவர் காவல் மிகப் பெற்றனரா என்னும் வினாவுக்கு 2022ஆம் ஆண்டு விடை தந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் லாஸ்ற்பாஸ் நிறுவனத்தின் நிரல்கள் களவாடப்பட்டன. அக்களவின் தொடர்ச்சியாகப் பயனாளரின் பெட்டகப் படிகளும் கவரப்பட்டமையை நிறுவனம் டிசெம்பர் 22ஆந் தேதி வெளியிட்டது. பெட்டகத்தினுள் இருந்த பெயர்களும் கடவுச்சொற்களும் மறைகுறியிலேயே இருந்தன; எவ்வெத்தளங்களில் ஒருவர்க்குக் கணக்குண்டு என்னும் முகவரிகளோ மறைக்கப்படாதிருந்தன. தலைமைக் கடவுச்சொல்லை எளிதாக அமைத்திருந்தோரின் பெட்டகங்கள், கள்வர் ஓய்வாக இருந்து ஊகித்துத் திறக்கக்கூடியனவாயின. இதிற் சந்தா செலுத்தியவர், செலுத்தாதவர் என்ற வேறுபாடு இருக்கவில்லை.

பின்னரும் பிற நிறுவனங்கள் இவ்வழியிற் சென்றன. டாஷ்லேன் என்னும் நிருவாகி தன் இலவசப் பயனாளர்க்கு ஒரு கருவி மட்டும் என அளந்து கொடுத்துவந்தது. 2023இல் அவர்கள் வைக்கக்கூடிய கடவுச்சொற்களை 25 ஆக வரையறுத்தது. 2025இல் இலவச முறையையே நிறுத்திவிட்டது. இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பயனாளர் முதலிற் கேட்பது, தம் சொற்களை எவ்வாறு வெளியே கொண்டுசெல்வது என்பதையே. பெட்டகம் வாங்குமுன் உட்புகும் வாயிலைப் பார்ப்பவர் பலர்; வெளியேறும் வாயிலைப் பார்ப்பவர் சிலர்.

அவ்வாயிலைச் செப்பனிடும் முயற்சி இப்பொழுது தொடங்கியிருக்கின்றது. நிறுவனங்கள் பல கூடி நடத்தும் பைடோ கூட்டமைப்பு, ஒரு நிருவாகியிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளடக்கம் முழுவதையும் மறைகுறியிலேயே மாற்றுதற்கான நெறிமுறையின் வரைவை 2024 ஒக்ரோபரில் வெளியிட்டது. 2025இல் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளில் அவ்வகை மாற்றத்துக்கு இடமளித்தது. இதன்படி பயனாளர் வெறும் எழுத்துக் கோப்பு எதனையும் கையாளவேண்டியதில்லை. ஒரு செயலி மற்றச் செயலியிடம் நேரே ஒப்படைத்துவிடும்.