மாற்றியமைத்த காரும் மறைக்கக்கூடாத குறையும்



பிரிட்டனில் பழைய காரை வியாபாரியிடம் கொடுக்காமல், விளம்பரம் செய்து நேரடியாகவே இன்னொருவருக்கு விற்பது சர்வசாதாரணம். ஜப்பானில் தயாரான நிஸான் ஸ்கைலைன், சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற வேகக் கார்களை வாங்கி, டர்போவை மாற்றி, எஞ்சினின் கணினியைத் திருத்தி, பல்லாண்டு ஆசையுடன் வைத்திருந்து, குழந்தைகள் பிறந்ததும் விற்க நினைப்போர் அங்கு உண்டு. அப்படி விற்பவரின் பொறுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மாற்றம் செய்யாத காரை அதன் வயதையும் ஓடிய தூரத்தையும் கொண்டு எவரும் ஒருவாறு மதிப்பிட்டுவிடலாம். மாற்றிய கார் அப்படியன்று. 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் 2004 வரை தமக்குள் இணங்கியிருந்தன. 1999 முதல் 2002 வரை வெளிவந்த ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கு அறிவிக்கப்பட்டதும் அதே எண்தான். மாற்றியவரோ அதை 500, 600 என்று உயர்த்தியிருப்பார். அந்தச் சுமையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் பிஸ்டனும் எப்படித் தாங்கின, எரிபொருள் குறைவாகக் கலந்து எஞ்சின் உள்ளே வெந்துபோயிற்றா என்பதைப் பளபளக்கும் வண்ணப்பூச்சு சொல்லாது. எம்.ஓ.டி. என்னும் ஆண்டுப் பரிசோதனையும் சொல்லாது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை அது சோதிப்பதேயில்லை. ஆக, அறிந்தவர் விற்பவர் ஒருவரே.

இங்கேதான் சட்டம் ஓர் இடைவெளியை விட்டு வைத்திருக்கிறது. தனிநபர் விற்கும்போது, பொருள் அவர் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். பொய் சொல்லி விற்றால் வாங்கியவர் வழக்குத் தொடரலாம். சாலையில் ஓட்டத் தகுதியற்ற காரை விற்பதும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் கேட்கப்படாத குறையைச் சொல்லாமல் இருந்துவிட்டால், பெரும்பாலும் சட்டம் அவரைத் தொடாது. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பாம்!

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. கவனியுங்கள்: அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். தேய்ந்த கிளட்ச் உள்ள காரும் அந்தக் குவியலும் ஒன்றே.

எனவே விளம்பரம் எழுதுமுன் ஒரு பட்டியல் எழுதுங்கள். எதை மாற்றினீர்கள், யார் பூட்டினார், ரசீது உண்டா, பந்தயத் தடத்தில் ஓட்டினீர்களா, விபத்து நேர்ந்ததா, வினையூக்கிப் புகைவடிகட்டியைக் கழற்றியுள்ளீர்களா என யாவும் அதில் வரட்டும். தொழிற்சாலையில் வந்த அசல் பாகங்கள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், விலை கூடும். எஞ்சினையே மாற்றியிருந்தால் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் தெரிவித்திருக்க வேண்டும்.

மாற்றத்துக்குச் செலவிட்ட பணம் முழுதாகத் திரும்பாது. இதுதான் பலருக்குக் கசப்பு. அந்தக் கசப்பில் நண்பனை வாங்குபவன்போல் நடிக்க வைத்து விலையை ஏற்றுவோரும் உண்டு. நபியவர்கள் தடுத்த ‘நஜ்ஷ்’ என்பது இதுவே.

ஓட்டிப் பார்க்க வருபவருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்ட பின்னரே சாவியைக் கொடுங்கள். பணம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டதை வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவுப் பத்திரத்தில் புதியவருக்குரிய சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்து, விற்றதை அன்றே பதிவு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 2014 அக்டோபர் முதல் சாலை வரி காரோடு கைமாறுவதில்லை. அவர் புதிதாகக் கட்டியே ஓட்ட வேண்டும்.

வாங்குபவர் பெரும்பாலும் இளைஞராக இருப்பார். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் விபத்தின்போது அவரது கோரிக்கை மறுக்கப்படலாம். ஆகவே அந்தப் பட்டியலை இரு பிரதிகள் எடுத்து, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.