வாக்குத்தத்தம் யாருக்கு உரியது?

புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் தமிழ்க் கிறித்தவத் திருச்சபைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. விவிலிய வசனம் அச்சிட்ட சிறு அட்டைகளுள் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்து, அதனை அவ்வாண்டிற்குரிய தம் வாக்குத்தத்தமாகப் போற்றுவர். செர்மனி நாட்டு ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொரேவிய சபையார் 1728-இல் நாளுக்கொரு வசனம் வழங்கத் தொடங்கி, 1731 முதல் அதனை நூலாகவும் வெளியிட்டு வருவது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

அட்டையிலுள்ள சொல் பண்டைக் காலத்தில் வேறொருவருக்குக் கூறப்பட்டதன்றோ? இன்று அதனைக் கையில் ஏந்துவோருக்கு அது எவ்வாறு உரியதாகும்? இது வீண் வினா அன்று. நோயுற்ற மகவின் தாய், நலம் வாக்களிக்கும் வசனத்தை எடுக்கிறாள்; மகவு பிழைக்கவில்லை. அவள் வேதத்தை ஐயுறுவதா, தன் நம்பிக்கை குறைவென்று நொந்துகொள்வதா?

இவ்வட்டைகளில் பெரிதும் இடம்பெறுவது எரேமியா நூல் 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். நல்ல எதிர்காலத்தை வாக்களிப்பது. அது ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டோருக்கு எரேமியா எழுதியது. ஈராண்டில் மீட்சி வரும் என்று அனனியா என்பவன் இனிக்கப் பேசினான். எரேமியாவோ எழுபது ஆண்டு செல்லும் என்றார். அக்கடிதத்தைக் கேட்ட முதியோருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பியிருக்க இயலாது. அவர்களுக்கு அவர் கூறியது யாது? வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், குடியேறிய நகரின் நலத்தை நாடி வேண்டுங்கள் என்பதே. கி.மு. 539-இல் பாரசீக மன்னர் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின்னரே திரும்பும் வழி திறந்தது.

ஆகவே அவ்வசனம் தனியொருவரின் ஓராண்டு வெற்றிக்கு எழுதித் தந்த உறுதிச்சீட்டு அன்று. எனினும், அது பிறர்க்குச் சிறிதும் பொருந்தாது என்றும் தள்ளிவிட முடியாது. கைவிடேன் என்று யோசுவாவுக்குக் கூறப்பட்ட சொல்லை, எபிரெயர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் விசுவாசிகள் அனைவர்க்கும் உரியதாக்குகிறது. கானான் நாட்டை வெல்வர் என்று அது கூறவில்லை; பொருளாசையின்றி உள்ளது போதும் என்று வாழ அதனை ஆதாரமாகக் காட்டுகிறது. யோசுவாவின் வெற்றி அவருக்கு மட்டுமே உரியது. கைவிடாத இறைவனின் இயல்போ எல்லார்க்கும் பொது. கலாத்தியர் நிருபத்தில் பவுலும், கிறித்துவைச் சார்ந்தோர் ஆபிரகாமுக்குரிய வாக்கின் வாரிசுகள் என்கிறார்.

இடமறியாது வசனத்தைப் பற்றுவதன் இடரை நற்செய்தி நூலே காட்டுகிறது. ஆலய உச்சியிலிருந்து குதிக்கத் தூண்டிய சோதனைக்காரன், 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தையே எடுத்துக் கூறினான்; இயேசு அதற்கு இணங்கவில்லை.

எனவே ஒரு வாக்குத்தத்தத்தைத் தமதாக்க விரும்புவோர் மூன்றை ஆராய்தல் நன்று. அது யாருக்கு, எந்நிலையில் கூறப்பட்டது? அதனோடு நிபந்தனை உண்டா? பிற்கால வேதப் பகுதிகள் அதனை எவ்வாறு கையாள்கின்றன? இவற்றை ஆராய்ந்தால் அத்தாயின் மீது பழி விழாது. அவ்வசனம் அவளுக்கு அளிப்பது துணையே அன்றி, நோய் நீங்கும் நாளன்று என்பது விளங்கும்.

தில்லி லோதி ரோட்டை அடுத்த அரசாங்கக் குடியிருப்புகளில், ஓய்வு பெறும் நாளையோ மாற்றல் ஆணையையோ எதிர்நோக்கி வாழும் தமிழர்க்கு எரேமியாவின் கடிதம் அந்நியமாகத் தோன்றாது. சிறைப்பட்டோரின் துயரும் பிழைப்பு நாடி வந்தோரின் ஏக்கமும் ஒன்றல்ல. ஆயினும், ஊர் திரும்பும் நாளை எண்ணி இன்றைய வாழ்வை ஒத்திவையாமல், இருக்கும் நகரின் நன்மையைத் தம் நன்மையாகக் கொள்ளுதல் எச்சமயத்தார்க்கும் ஏற்ற நெறியே.